எடை மேடையில் முப்பத்துநாலு பாடங்கள்

செம்பட்டிக்குக் கிழக்கே, திண்டுக்கல் ரோட்டில் இருந்த லாரி எடை மேடையில் ஐரின் வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. லாரி வந்து மேடை மேல் நிற்கும். அறைக்குள் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண் ஓடும். ஓட்டம் நின்றதும் அவள் பொத்தானை அழுத்துவாள். பிரிண்டர் கர்ரென்று இழுத்து ஒரு சீட்டைத் துப்பும். லோடு வண்டி இவ்வளவு, காலி வண்டி இவ்வளவு, சரக்கு இவ்வளவு என்று மூன்றே வரி. நாளுக்கு அறுபது, எழுபது வண்டிகள். மற்ற நேரமெல்லாம் மின்விசிறியும் அவளும்தான்.

அந்தச் சிவப்பு எண்தான் அவளை நோண்டிக்கொண்டே இருந்தது. பதினாறு டன் லாரி ஏறினால் எண் நேராகப் பதினாறில் வந்து உட்காருவதில்லை. முதலில் பதினேழைத் தொடும். அங்கிருந்து பதினைந்தரைக்கு இறங்கும். இப்படியும் அப்படியும் ஆடிவிட்டுத்தான் பதினாறுக்கு வரும். அந்த நேரத்தில் லாரியில் யாரும் எதையும் ஏற்றவில்லை, இறக்கவில்லை. அப்படியென்றால் அந்தப் பதினேழாவது டன் எங்கிருந்து வந்தது, எங்கே போனது?

மெஷினைப் பார்க்க வந்த சர்வீஸ்காரரிடம் கேட்டாள். “அது செட்டில் ஆகிற டைம் மேடம்” என்றார். வீட்டுக்காரர் சார்லஸிடம் கேட்டாள். அவர் திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டுகிறவர்.

“வண்டி ஆடுது, நம்பரும் ஆடுது. இதுல என்ன கெடக்கு?”

“ஆடுனா ஆடட்டும். எடை ஏங்க கூடணும்?”

சார்லஸ் சோற்றைப் பிசைந்தார். “நல்ல கேள்விதான்” என்றார். “தொட்டுக்க வெஞ்சனம் என்ன வச்சிருக்க?”

ஐரின் பத்தாம் வகுப்பில் அறிவியலில் எண்பத்தொன்று வாங்கியவள். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு நிரம்பிவிட்டது, கணக்குப்பதிவியலில்தான் இடம் இருக்கிறது என்றார்கள். அவளுடைய அப்பா சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அவளும் அதற்காக அழுது புரளவில்லை. ஆனால் கேள்வி கேட்கிற புத்தி மட்டும் பிரிவு மாறாமல் அப்படியே தங்கிவிட்டது.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஜனவரியில், முதலாளி மணிமாறனுக்கு ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து வந்த ஈமெயிலைப் பிரிண்ட் எடுப்பதற்காக, திண்டுக்கல் பேகம்பூரில் இருந்த மெஹராஜ் அக்காவின் பிரவுசிங் சென்டருக்குப் போனாள். மெஹராஜ் முன்பு அதே இடத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். தட்டச்சு மெஷின்களை ஓரங்கட்டிவிட்டு எட்டு கம்ப்யூட்டர் போட்டிருந்தார். ஐம்பது வயதிலும் விரல்கள் விசைப்பலகையில் பார்க்காமலே ஓடும்.

“ஒரு மணி நேரத்துக்கு டோக்கன் போட்டுட்டேன். இன்னும் நாப்பது நிமிசம் இருக்கு. வேற எதும் பாக்கணுமா ஐரினு?”

ஐரின் கூச்சத்தோடு அந்தப் பதினேழாவது டன்னைப் பற்றிச் சொன்னாள். மெஹராஜ் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தில் என்னென்னவோ தட்டிப் பார்த்தார். மூன்றாவது பக்கத்தில் ஒரு வீடியோ அகப்பட்டது. அமெரிக்காவில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் வகுப்பறை. அறுபது வயது மதிக்கத்தக்க பேராசிரியை. காதோடு கத்தரித்த வெள்ளை முடி, கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கையெல்லாம் சாக்பீஸ் மாவு. பெயர் மார்கரெட் ஹோல்ம் என்று போட்டிருந்தது. அந்த அம்மா ஒரு சின்ன எடை மெஷினின் மேல் ஏறி நின்றார். சட்டென்று முழங்காலை மடக்கினார். பின்னால் திரையில் பெரிதாகத் தெரிந்த எண் விழுந்தது. குந்தி நிறுத்தியதும் எகிறியது. பிறகு ஆடி ஆடி நின்றது.

“என் மெஷினு மாதிரியே பண்ணுதுக்கா” என்றாள் ஐரின்.

அந்த அம்மா சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரியவில்லை. ஆனால் தன்னுடைய கேள்வியை ஏழு கடல் தாண்டி ஒருத்தி ஒரு வகுப்புக்கே காட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

மெஹராஜ் பக்கத்தை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். “இது ஒண்ணு மட்டும் இல்ல. மொத்தம் முப்பத்திநாலு பாடம் இருக்கு. கேள்வித்தாள் இருக்கு, விடைத்தாள் இருக்கு. கடைசியில பரீட்சைகூட இருக்கு.”

“ஃபீஸு?”

“ஒண்ணும் இல்லையாம். யார் வேணும்னாலும் படிச்சுக்கலாமாம்.”

“அப்ப இதுல ஏதோ இருக்குக்கா” என்றாள் ஐரின் சந்தேகத்தோடு.

ஒன்றும் இல்லை, பாடம்தான் இருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் பிராட்பேண்டில் எவ்வளவு இறக்கினாலும் கணக்கு இல்லை என்பதால், மெஹராஜ் கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போவார். காலையில் சீடி ஒன்றில் மூன்று பாடங்கள் ஏறியிருக்கும். எடை மேடை அறையிலிருந்த கம்ப்யூட்டரில் நெட் கிடையாது, சீடி போடும் வசதி இருந்தது. மெஹராஜ் கொடுத்த பழைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே ஐரின் படிக்க உட்கார்ந்தாள்.

முதல் பாடத்தைப் பதினோரு தடவை பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்குச் சீட்டில் அச்சாகும் அளவுக்குத்தான் தெரியும். அந்த அம்மா பேசியதை எழுத்தாகவும் போட்டிருந்ததால் அதை மெஹராஜ் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். ஐரின் அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாக மேலே பென்சிலில் எழுதினாள். மூன்றாவது பாடத்தில் ‘மொமெண்டம்’ என்ற சொல் வந்தது. தேடிப் பார்த்தால் உந்தம். உந்தம்! பத்தாம் வகுப்பில் நிறையும் திசைவேகமும் பெருக்கினால் வருவது என்று மனப்பாடம் செய்து, இரண்டு மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோன சொல். அந்த அம்மா ஒரு கனமான பந்தையும் ஒரு இலேசான பந்தையும் மாணவன் ஒருவனிடம் எறிந்தபோது அந்தப் பையன் பின்னால் தள்ளாடினானே, அதற்குப் பெயர்தானா இது? இத்தனை வருஷமாகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைப் பார்க்காமலே இருந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது.

கேள்வித்தாள்தான் கண்ணில் விரலைவிட்டு ஆட்டியது. முதல் தாளில் எட்டுக் கேள்வி. எட்டும் தப்பு. இரண்டாவது தாளில், ‘எடையில்லாத கயிறு ஒன்றில் இரண்டு பெட்டிகள் தொங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம்’ என்று ஒரு கேள்வி. ஐரின் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மெஹராஜுக்குப் போன் செய்தாள்.

“எடையில்லாத கயிறாம்க்கா. ஒன்பது வருசமா எடை போடுறேன், அப்படி ஒரு சாமானை நான் பாத்ததே இல்ல.”

“கயித்த விட்டுட்டுப் பெட்டியப் பாருன்னு சொல்றாங்க போல” என்றார் மெஹராஜ்.

அது நல்ல யோசனையாக இருந்தது. கயிற்றை விட்டுவிட்டுப் பெட்டியைப் பார்த்ததில் அந்தக் கேள்விக்கு விடை வந்தது. அவள் சரியாகப் போட்ட முதல் கணக்கு அதுதான்.

பெரிய முட்டுக்கட்டை நான்காவது பாடத்தில் வந்தது. ஒரு கணத்தில் ஒரு பொருளுக்கு என்ன வேகம் என்பதை அந்த அம்மா ஒரு வளைகோடு வரைந்து, கோட்டைச் சின்னதாக்கி, இன்னும் சின்னதாக்கி என்னவோ செய்தார். ஐரின் இருபது தடவை பார்த்தும் பிடிபடவில்லை. ஒரே ஒரு கணத்தில் வண்டி கொஞ்சம்கூட நகராதே. நகராததற்கு வேகம் எப்படி வரும்?

மார்ச் மாதத்தில் ஒரு விடுமுறை நாளன்று சார்லஸின் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அவருடைய பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அந்தக் கடிகாரத்தில் நொடி எண்ணும் வசதி இருந்தது. ரோட்டோரத்தில் ஒரு கிலோமீட்டர் கல்லில் பொத்தானை அழுத்தி, அடுத்த கல்லில் நிறுத்தினாள். எண்பத்திரண்டு நொடி. கணக்குப் போட்டால் மணிக்கு நாற்பத்துநாலு கிலோமீட்டர். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டருக்குள் சார்லஸின் மீட்டர் முள் இருபதுக்கும் அறுபதுக்கும் போய் வந்துவிட்டது. அடுத்து இருநூறு மீட்டருக்கு ஒன்றாக நடப்பட்டிருந்த சின்னக் கற்களைப் பிடித்தாள். பதிமூன்று நொடி, ஐம்பத்தைந்து கிலோமீட்டர். மீட்டர் முள் ஐம்பத்திரண்டிலிருந்து ஐம்பத்தெட்டுக்குள்தான் ஆடியது. அதற்கப்புறம் ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக நின்ற மின்கம்பத்துக்கு மின்கம்பம். முள் ஐம்பத்தாறில் ஆடாமல் நின்றது. அவள் கணக்கும் ஐம்பத்தாறு.

“மீட்டர்லயே காட்டுதே. நீ எதுக்குக் கல்ல எண்ணிக்கிட்டு வார?” என்றார் சார்லஸ் கண்ணாடியில் பார்த்து.

“மீட்டருக்கு யாருங்க சொன்னா?”

இடம் சின்னதாகச் சின்னதாக இரண்டு எண்ணும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வந்தன. கம்பத்தைவிட நெருக்கமாக எதையாவது நட்டால் இன்னும் நெருங்கும். கணத்தில் நகர்வதா இல்லையா என்பதல்ல விஷயம். சின்னதாக்கிக்கொண்டே போனால் அந்த எண் எதை நோக்கிப் போகிறதோ, அதுதான் அந்தக் கணத்து வேகம். ஐரின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனக்குள் சிரித்தாள். பின்னால் இருந்த ஒருவர் கண்டக்டரிடம், “அந்தம்மா ஆர்டிஓ ஆபீஸா?” என்று மெல்லக் கேட்டார். கண்டக்டர் மறுக்கவில்லை. அன்றைக்கு அந்த பஸ்ஸில் எல்லாரும் அவர் கேட்காமலே டிக்கெட் வாங்கினார்கள்.

எட்டாவது பாடம் முடிந்தபோது பதினேழாவது டன்னுக்குப் பதில் கிடைத்துவிட்டது. லாரி மேடையில் வந்து பிரேக் போடும்போது அதன் உடம்பு ஸ்பிரிங் பட்டைகளின் மேல் ஏறி இறங்குகிறது. கீழே வருகிற உடம்பை நிறுத்தி மேலே தள்ள மேடை கூடுதலாகத் தாங்கவேண்டும். அது மேலே போய் நிற்கும்போது குறைவாகத் தாங்கினால் போதும். பெட்டி காட்டுவது லாரியின் எடையை அல்ல. மேடை எவ்வளவு தாங்குகிறது என்பதை. லாரி அசையாமல் நின்றால் மட்டும் இரண்டும் ஒன்று.

சார்லஸிடம் சொன்னாள். அவர் பல் குச்சியை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“வேகத்தடையில நான் ஏறி எறங்குனா கடைசி சீட்டுக்காரன் பறக்குறானே, அதுவும் இதுதானா?”

“அதேதான்.”

“அப்ப இருபது வருசமா நான் பிசிக்ஸுதான் பண்ணிக்கிட்டு இருக்கேன்னு சொல்லு” என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் படிக்கும்போது டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்தார்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. எட்டுக்கு ஒன்று, எட்டுக்கு மூன்று, எட்டுக்கு ஐந்து. சில வாரங்களில் பாடம் ஒன்றுகூட நகராது. சில வாரங்களில் இரண்டு தாண்டும். இருபத்தாறாவது பாடத்தில் இருந்தபோது, இரண்டாயிரத்து ஏழு ஏப்ரலில், வந்தது வம்பு.

தொப்பம்பட்டிப் பக்கம் மக்காச்சோளம் பிடித்துக் கோழித்தீவனக் கம்பெனிகளுக்கு அனுப்பும் வியாபாரி ஆண்டிச்சாமி. வாரத்துக்கு மூன்று லோடு இந்த மேடையில்தான் ஏறும். ஒருநாள் மத்தியானம் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அறை வாசலிலேயே நின்றார்.

“ஏனுங்க அம்மிணி, போன வாரம் காத்தால வந்தப்ப சரியா இருந்துதுங்க. மத்தியானம் வந்தா எம்பது கிலோ கொறையுதுங்க. அங்க கம்பெனியில எடை போட்டா மறுபடி சரியாக் காட்டுதுங்க. சோளம் வழியில கொட்டுச்சுன்னாக்கூடச் சரிங்க, போற வழியில கூடுமுங்களா?”

அவர் சண்டைக்காரர் அல்ல. அதனால்தான் அது மணிமாறனைச் சுட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்குச் சர்வீஸ்காரரை வரவழைத்தார். முத்திரையிட்ட எடைக்கற்களை அடுக்கிச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. அன்று மத்தியானமே ஒரு தேங்காய் லோடு எழுபது கிலோ குறைந்தது. இரண்டு நாளில் இன்னும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

மணிமாறன் அறைக்குள் வந்தார். திரையில் மார்கரெட் அம்மா ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கையில் பிடித்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

“இதான் காரணம்” என்றார் மணிமாறன். “நாள் பூரா கம்ப்யூட்டர்ல இங்கிலீஸ் படத்த ஓட்டுனா மெசினு கொழம்பத்தான் செய்யும். காலைல சூடு ஏறல, ஒழுங்கா இருக்கு. மத்தியானம் சூடு ஏறிப் போகுது. இன்னையோட நிப்பாட்டு ஐரினு.”

“எண்ணு அந்தப் பெட்டியில வருதுண்ணே. கம்ப்யூட்டரு அத வாங்கி அச்சுப் போடுது, அம்புட்டுதான்.”

“எனக்குப் பாடம் எடுக்காத. ஊர்ல எம் பேரு போகுது.”

ஐரினுக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. காலையில் சரி, மத்தியானம் தப்பு, மறுநாள் காலை மறுபடி சரி. பத்து வருஷத்தில் இப்படி ஒரு நல்ல கேள்வி இந்த மேடையில் வந்ததில்லை.

“ஒரு நாள் குடுங்கண்ணே. திங்கக்கெழம கம்ப்யூட்டரத் தொறக்கவே மாட்டேன். சீட்டக் கையால எழுதுறேன். அப்பவும் கொறஞ்சா, படம் காரணம் இல்லன்னு ஒத்துக்கணும்.”

மணிமாறன் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

சார்லஸுக்குத் திங்கட்கிழமை லீவு. மணிமாறனின் பழைய லாரி ஒன்று மேடைக்குப் பின்னால் சும்மா நின்றது. காலை ஏழு மணியிலிருந்து மணிக்கு ஒருதரம் சார்லஸ் அதை ஓட்டிவந்து மேடையில் சுண்ணாம்புக் கோடு போட்ட அதே இடத்தில் நிறுத்துவார். இறங்கி நிற்பார். ஐரின் எண்ணை எழுதுவாள். மறுபடி பின்னால் எடுத்து நிழலில் விடுவார்.

“பஸ்ஸு ஓட்டுனாக்கூட இம்புட்டு ரிவர்ஸ் எடுக்க மாட்டேன்” என்றார் பதினோரு மணிக்கு.

ஏழு மணிக்கு ஆறாயிரத்து இருநூற்று நாற்பது கிலோ. எட்டு, ஒன்பது, பத்திலும் அதே. பதினொன்றில் பத்துக் கிலோ குறைந்தது. பன்னிரண்டில் முப்பது. இரண்டு மணிக்கு எழுபது. நான்கிலிருந்து மெல்ல ஏறி, ஆறு மணிக்கு மறுபடி ஆறாயிரத்து இருநூற்று நாற்பது. ஐரின் கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக் கோட்டை வரைந்தாள். தொங்கவிட்ட சேலை மாதிரி நடுவில் வளைந்திருந்தது. கம்ப்யூட்டர் மேல் போட்ட துணியை அன்று யாரும் எடுக்கவேயில்லை.

“டீசல் எரிஞ்சதோ?” என்றார் சார்லஸ்.

“எரிஞ்ச டீசல் சாயங்காலம் திரும்பி வராதுங்க. இது திரும்பி வருது. காலைல இல்லாம, மத்தியானம் வந்து, சாயங்காலம் போறது என்ன?”

இருவரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள். வெயில் போகிற வழியில் இருந்தது.

லாரிக்கு எடை மாறவில்லை, மேடை தாங்குவதுதான் குறைந்திருக்கிறது. அப்படியானால் மிச்சத்தை வேறு யாரோ தாங்குகிறார்கள். யார்? ஐரின் மேடையைச் சுற்றி நடந்தாள். பன்னிரண்டு மீட்டர் இரும்பு மேடை அது, தரைக்குச் சமமாகக் குழிக்குள் இருப்பது. நான்கு பக்கமும் சுவரைத் தொடாமல் சின்ன இடைவெளி இருக்கவேண்டும். மேற்கு முனையில் லாரிகள் ஏறி ஏறி உடைந்த ஓரத்தை பிப்ரவரியில் கொத்தனார் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தார். நன்றாகவே பூசியிருந்தார். கொஞ்சம் அதிகமாகவே.

“தண்டவாளத்துக்கு நடுவுல எதுக்குச் சந்து விடுறாங்க?” என்று கேட்டாள்.

“வெயில்ல நீளும்ல” என்று சொன்ன சார்லஸ், சொன்ன பிறகுதான் மேடையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் மெஹராஜ் இரும்பு எவ்வளவு நீளும் என்பதைத் தேடிக் கொடுத்தார். பன்னிரண்டு மீட்டர் இரும்பு, முப்பது டிகிரி சூடு. ஐரின் மூன்று தடவை பெருக்கினாள். நான்கு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூட.

“நாலு மில்லிமீட்டரா?” என்றார் மெஹராஜ். “அதுக்கா எம்பது கிலோ?”

“நாளைக்குத் தெரியும்க்கா.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு மேற்கு முனையின் இடைவெளியில் எடைச் சீட்டுகள் நான்கைச் சேர்த்து விட்டுப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போயின. அன்று ஆண்டிச்சாமியின் லாரி காலையிலேயே வந்து பதினாலாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு கிலோ காட்டியது. மத்தியானம் வரை லாரியை மரத்தடியில் நிறுத்தி வைக்கச் சொன்னாள். ஆண்டிச்சாமி மறுபேச்சுப் பேசாமல் டீக்கடையில் உட்கார்ந்தார். இரண்டு மணிக்கு அதே லாரி அதே இடத்தில் ஏறியது. பதினாலாயிரத்து முந்நூற்றுப் பத்து.

மணிமாறன் முகம் கறுத்தது. ஐரின் அதே சீட்டுகளை எடுத்து இடைவெளியில் விட்டாள். ஒற்றைச் சீட்டுகூட நுழையவில்லை.

“மேட வெயில்ல நீண்டு போயி சொவத்துல முட்டிக்கிட்டு நிக்குதுண்ணே. காலியா இருக்கையில தெரியாது, பூஜ்ஜியம் பூஜ்ஜியமாத்தான் காட்டும். லோடு ஏறுனா மேட ஒரு மயிரிழ கீழ எறங்கணும். எறங்க விடாம சொவரு ரெண்டு பக்கமும் உரசிப் பிடிக்குது. பிடிக்கிற எம்பது கிலோ மெசினுக்கு வந்து சேரல.”

“சொல்லுவ. எப்படி நம்புறது?”

ஐரின் சார்லஸைப் பார்த்தாள். அவர் அதற்காகவே ஒரு பயணத்தை வேறொரு டிரைவரிடம் மாற்றிவிட்டு வந்திருந்தார். போர்வெல் குழாயைத் திறந்து, ஹோஸ் பைப்பைப் பிடித்து மேடையின் மேல் அடித்தார். இரும்பிலிருந்து ஆவி பறந்தது. முதல் ஐந்து நிமிஷம் எண் அசையவில்லை. ஆறாவது நிமிஷம் முந்நூற்று இருபது. அப்புறம் முந்நூற்று நாற்பது. மேடையில் எங்கோ ‘டக்’கென்று ஒரு சத்தம். எண் எகிறி முந்நூற்றுத் தொண்ணூறில் நின்றது.

ஆண்டிச்சாமி தாடையைச் சொறிந்தார். “தண்ணி ஊத்துனா எடை கூடத்தானுங்களே அம்மிணி செய்யும்?”

அங்கே இருந்தவர்களில் அதைக் கேட்கத் தோன்றியது அவர் ஒருவருக்குத்தான். ஐரினுக்கு அவரைக் கும்பிடலாம் போல இருந்தது. தண்ணீரை நிறுத்தச் சொல்லிவிட்டு, விளக்குமாற்றை எடுத்து மேடையில் நின்ற தண்ணீரையெல்லாம் தள்ளினாள். துடைத்துவிட்டு இறங்கினாள். பெட்டியில் எண் முந்நூற்றுத் தொண்ணூறிலேயே இருந்தது.

“இப்பச் சரிங்க” என்றார் ஆண்டிச்சாமி.

மறுநாளே கொத்தனார் வந்து, தான் பூசியதைத் தானே கொத்தி எடுத்தார். இடைவெளியில் சிக்கியிருந்த ஜல்லியை ஒரு கூடை நிறைய வாரினார்கள். எடையளவு அதிகாரி வந்து சோதித்து மறுபடி முத்திரை வைத்தார். அதற்கப்புறம் எந்த மத்தியானமும் எண் குறையவில்லை. குறைந்த சீட்டு வாங்கிப் போனவர்களுக்கெல்லாம் மணிமாறனே போன் செய்து விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது, “நம்ம ஐரினு கண்டுபிடிச்சது” என்பதைக் கொஞ்சம் உரக்கச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து அவர் அறைக்குள் வந்தபோது ஐரின் அவசரமாக ஹெட்போனைக் கழற்றினாள்.

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மார்கரெட் அம்மா சுழலும் நாற்காலியில் அமர்ந்து கைகளை விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். “அந்தம்மா என்ன பண்ணுது?”

“கைய மடக்குனா வேகமாச் சுத்துது, விரிச்சா மெதுவாச் சுத்துதுண்ணே.”

“ஏன்?”

ஐரின் சொல்ல ஆரம்பித்தாள். ஒரு லாரி வந்து ஹாரன் அடித்தது. மணிமாறனே எழுந்து போய், “செத்த நேரம் நில்லுப்பா” என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆகஸ்டில் முப்பத்துநாலாவது பாடமும் முடிந்தது. பரீட்சையை ஒழுங்காக எழுதவேண்டும் என்று ஐரின் பிடிவாதமாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேரே பேகம்பூருக்குப் போனார்கள். மெஹராஜ் கடையைப் பாதி அடைத்து, ஓரத்து மேஜையைத் துடைத்துப் போட்டிருந்தார். மூன்று மணி நேரம், பத்துக் கேள்விகள். சார்லஸ் ஒருதரம் உள்ளே எட்டிப் பார்த்து, “தண்ணி கிண்ணி வேணுமா?” என்று கேட்டார். “பேசக்கூடாது” என்று மெஹராஜ் அவரை வெளியே அனுப்பினார். டைப்ரைட்டிங் பரீட்சைக்கு இருபது வருஷம் காவல் நின்ற கறார் அது.

பாடத்தோடு வந்த விடைத்தாளை வைத்துத் திருத்தும் வேலையை மெஹராஜும் சார்லஸும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேருக்கும் இயற்பியல் தெரியாது. வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். விடை தப்பாக இருந்தாலும் வழி சரியென்றால் பாதி மதிப்பெண் தரலாம் என்று சார்லஸ் வாதாடினார். “பாதி வழியில பஸ்ஸு நின்னாக்கூட, வந்த தூரத்துக்கு டிக்கெட்டு டிக்கெட்டுத்தான்” என்றார். மெஹராஜ் அதை ஏற்கவில்லை. விடைத்தாளில் எழுதியிருந்தபடிதான் போட்டார். கடைசியில் நூற்றுக்கு அறுபத்திமூன்று வந்தது.

“பாஸா?” என்று கேட்டார் சார்லஸ்.

“பாஸ் மார்க்கு எம்புட்டுன்னு போடலியே” என்றார் மெஹராஜ், பக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு.

ஐரின் அதைக் கவனிக்கவே இல்லை. ஒன்பதாவது கேள்வியில் அவள் கண் நின்றுவிட்டது. சரிவில் உருண்டு வரும் உருளையின் வேகம். அவளுடைய விடை வேறு, விடைத்தாளில் இருந்தது வேறு. “இது தப்பில்ல. அவங்கதான் தப்பா அச்சடிச்சிருக்காங்க” என்றாள். மெஹராஜ் இன்னொரு வெள்ளைத்தாளை நீட்டினார். வேறு வழியில் போட்டுப் பார்த்தாள், தன் விடையே வந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி போட்டாள். சார்லஸ் மதியத் தூக்கம் போட்டு எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே மேஜையை ஓங்கித் தட்டும் சத்தம் கேட்டது.

“என்னாச்சு?” என்று துண்டோடு ஓடிவந்தார்.

“கண்டுபிடிச்சிட்டேங்க. நான்தான் தப்பு. உருள கீழ மட்டும் வரலை, சுத்திக்கிட்டும் வருது. சுத்துறதுக்கும் கொஞ்சம் ஆற்றல் போயிருது. அத நான் எண்ணவே இல்ல. அதனாலதான் அவங்க வேகம் என் வேகத்தவிடக் கொறச்சல். பாருங்களேன், எம்புட்டு அழகா இருக்கு!”

சார்லஸ் தாளைப் பார்த்தார். அவருக்கு எதுவும் அழகாகத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

“தப்பாப் போனதுக்கு இம்புட்டு சந்தோசப்படுற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்” என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். “சரி, மொதல்ல இருந்து சொல்லு. உருள மேல இருக்கு. அப்புறம்?”

ஐரின் புதிய தாள் ஒன்றை எடுத்துச் சரிவாக ஒரு கோடு இழுத்தாள்.